கலக்குவதும் கிண்டுவதும்

அன்புள்ள அக்கா,

எங்கள் அம்மா விசேஷ வீடுகளுக்குக் கோதுமை அல்வாவும் பால் பாயசமும் செய்து தருகிறார். கிண்டிக் கிண்டி வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போய்விட்டது. நான் ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன். ஜப்பானில் ஒருவர் கண்டுபிடித்த பாத்திரத்தின் வீடியோவைப் பார்த்தேன். உட்சுவரில் முறுக்கு முறுக்காக வரிகள் இருக்கின்றன. தண்ணீர் கொதித்ததும் மோட்டார் எதுவும் இல்லாமல் தானாகச் சுற்றுகிறது. அதேபோல, அடுப்புச் சூட்டிலேயே கிண்டிக்கொள்ளும் அல்வாச் சட்டி ஒன்று செய்ய ஆசை. 'தானா ஓடுற மெஷின் உலகத்துலயே கிடையாது, போய் வேலையப் பாரு' என்கிறார்கள் நண்பர்கள். நேரத்தை வீணாக்குகிறேனா?

க.

அன்புள்ள தம்பி,

வீணாக்கவில்லை. முதலில் நண்பர்களுக்குப் பதில் சொல்லிவிடுவோம். எதையும் வாங்கிக்கொள்ளாமல் ஓடிக்கொண்டே இருக்கும் எந்திரம் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் சட்டிக்குக் கீழே கேஸ் எரிகிறது. ஒரு பக்கம் சூடும் இன்னொரு பக்கம் அதைவிடக் குறைந்த சூடும் இருந்தால், நடுவில் கொஞ்சம் வேலை வாங்கலாம். சாதி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1824லேயே இதை எழுதிவிட்டார். ரயில் எஞ்சின் ஓடியதும் அப்படித்தான். எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதுதான் நம் கேள்வி.

நீங்கள் பார்த்தது ஹிடேக்கி வாத்தனாபே என்ற பல் மருத்துவர் செய்த 'குருகுரு நாபே'. நாபே என்றால் பாத்திரம். குருகுரு என்றால் சுற்றிச் சுற்றி. நம் 'கிறுகிறு' அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். சூடான தண்ணீரும் ஆவிக் குமிழிகளும் சுவரை ஒட்டி மேலே ஏறும்போது, சாய்ந்த வரிகள் அந்த ஓட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகின்றன. எல்லா வரிகளும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் மொத்தத் தண்ணீரும் ஒரு திசையில் சுற்ற ஆரம்பிக்கிறது. அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்புகளில் ஒன்று.

ஆனால் அது அல்வாவைக் கிண்டாது. ஏன் என்பதற்கு நம் பேச்சிலேயே பாதி பதில் இருக்கிறது. பாலைக் கலக்குகிறோம். குழம்பைத் துழாவுகிறோம். உப்புமாவைக் கிளறுகிறோம். களியையும் அல்வாவையும் கிண்டுகிறோம். களியைக் கலக்கினேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பதம் மாற மாற வினைச்சொல்லும் மாறுகிறது, கையின் வேலையும் மாறுகிறது. உங்கள் ஜப்பான் பாத்திரம் கலக்கும். துழாவுவதற்கே அது திணறும் என்று நினைக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடுப்பிலிருந்து பாத்திரத்துக்குள் 1,000 வாட் சூடு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல் சூடு. கொதிக்கும் தண்ணீரில் ஒரு கிராமை ஆவியாக்க சுமார் 2,257 ஜூல் வேண்டும். அப்படியானால் நொடிக்கு அரை கிராமுக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் ஆவியாகும். ஆவியானதும் அது கிட்டத்தட்ட 1,700 மடங்கு பெருத்துவிடும். நொடிக்கு முக்கால் லிட்டர். அந்த முக்கால் லிட்டர் குமிழிகள் 10 செ.மீ. ஆழத் தண்ணீரில் மேலே ஏறுவது, முக்கால் கிலோ எடையை நொடிக்கு 10 செ.மீ. உயரம் தூக்குவதற்குச் சமம். அதாவது முக்கால் வாட். ஆயிரத்தில் முக்கால்! அதிலும் ஒரு பங்குதான் சுற்றுவதற்குப் போகும். மீதி குமிழி உடைவதிலும் தண்ணீர் தளும்புவதிலும் கரைந்துவிடும்.

இப்போது அம்மாவின் கையைப் பாருங்கள். அல்வா இறுகும் நேரத்தில் சட்டுவத்தை மூன்று கிலோ எடையின் பலத்தோடு நொடிக்கு அரை மீட்டர் தள்ளுகிறார் என்று வைத்தால், அதுவே 15 வாட். குமிழிகள் தருவதைப் போல 20 மடங்கு. தோள் போகாமல் என்ன செய்யும்?

பலம் குறைவு என்பது மட்டும் இல்லை. சின்ன வயதில் எங்கள் ஆயா கேழ்வரகுக் களி கிண்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உலை தளதளவென்று கொதிக்கும்போது நொய் அரிசி தானாக மேலே வந்து கீழே போகும். யாரும் கை வைக்க வேண்டாம். மாவைக் கொட்டிக் கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் மாறும். 'பொளக்' என்று ஒரு இடத்தில் வாய் திறக்கும், மூடும். கொஞ்ச நேரம் கழித்து வேறு இடத்தில் ஒரு 'பொளக்'. தெறித்துக் கையில் பட்டால் கொப்புளம்தான். பானையை இறக்கி, இரண்டு கவைக் குச்சிகளுக்கு நடுவில் இறுக்கி, குச்சிகளைக் காலால் மிதித்துக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து ஆயா கிண்டுவார். அந்தப் 'பொளக்' என்ன சொல்கிறது? அடியில் ஆவி உண்டாகிறது, ஆனால் மேலே வர வழியில்லை. மாவு நகராததால் அடிச்சூடு அங்கேயே நிற்கிறது, அடிப்பிடிக்கிறது. கலங்குவதற்குச் சூடு போதும் என்கிற நிலை முடிந்துபோகிற கணமும், கிண்டியே ஆகவேண்டும் என்கிற நிலை தொடங்குகிற கணமும் ஒன்றுதான். சூட்டைக் கொண்டே கிண்டுவதில் உள்ள பெரிய சிக்கல் இதுதான், தம்பி.

குமிழியை விட்டுவிட்டு வேறு வழியில் போகலாமா என்று கேட்பீர்கள். போகலாம். சூட்டு வித்தியாசத்திலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் வில்லைகள் இருக்கின்றன. 1821இல் ஸீபெக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கண்ட விளைவுதான் அடிப்படை. விறகடுப்பின் மேல் வைத்தால் அதன் சூட்டிலேயே சுற்றும் சின்ன விசிறிகள் இப்படித்தான் ஓடுகின்றன. இந்த வில்லையைத் தீக்கும் சட்டியின் அடிக்கும் நடுவில் வைத்தால், மின்சாரமாக மாறாத சூடு எல்லாம் அல்வாவுக்கே போய்ச் சேரும். கிண்டும் வேலைகூடக் கடைசியில் சூடாகி அல்வாவுக்குள்தான் போகும். யோசிக்கவே அழகாக இருக்கிறது. ஆனால் சாதாரண வில்லைகள் நூற்றுக்கு நாலைந்து பங்கைத்தான் மின்சாரமாக்கும். 15 வாட் வேண்டுமென்றால் 300, 400 வாட் சூடு அவற்றின் வழியாகப் போகவேண்டும். நேரடித் தீயை அவை தாங்காது. இரும்புத் தட்டு, பல வில்லைகள், கியர், துடுப்பு என்று சேர்த்தால் விலை எங்கேயோ போய்விடும்.

அதனால் அம்மாவின் அல்வாவையும் உங்கள் ஆராய்ச்சியையும் பிரித்துவிடுங்கள் என்று சொல்வேன். அம்மாவின் தோள் உங்கள் ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்கக் கூடாது. சட்டி சுழல, சுரண்டும் தகடு அசையாமல் நிற்கும் மோட்டார் எந்திரங்களைப் பால்கோவா போடும் இடங்களில் பார்த்திருப்பீர்கள். நீங்கள் ஃபிட்டர். சின்ன அளவில் ஒன்றைப் பழைய மோட்டாரும் கியர்பாக்ஸும் வைத்து உங்களால் செய்ய முடியும். அதை இந்த மாதமே செய்யுங்கள். மின்சாரம் ப்ளக்கிலிருந்து வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

சூட்டில் தானே கலங்கும் பாத்திரத்தைப் பாயசத்துக்குச் செய்யுங்கள். சேமியா சேர்த்த பாலும், பருப்பு வேகும் தண்ணீரும் அதற்கு ஏற்றவை. புதுப் பாத்திரம் வார்க்கவேண்டாம். சமையலுக்கு ஆகும் எவர்சில்வர் தகட்டை ஒரு வளையமாக்கி, அதில் எட்டுப் பத்துச் சாய்ந்த இறக்கைகளை வைத்து, இருக்கிற பாத்திரத்துக்குள் இறக்கி எடுக்கிற மாதிரி செய்யுங்கள். சாய்வை 30, 45, 60 பாகையில் மாற்றிப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் சும்மா ஒரு காரியம். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஒரு பிடி பயத்தம்பருப்பு போட்டு, தீ ஒரு ஓரத்தில் மட்டும் படும்படி நகர்த்தி வையுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் வைத்தேன். தீ உள்ள பக்கம் பருப்பு ஏறுகிறது, மேலே மிதந்து எதிர்ப்பக்கம் போகிறது, அங்கே இறங்கி அடியோடு திரும்பி வருகிறது. நுரை முழுக்க எதிர் ஓரத்தில் ஒதுங்கி நின்றது. கரண்டியால் ஒரே வழியில் வழித்தெடுத்தேன். பருப்பு குழைய ஆரம்பித்ததும் ஓட்டம் மெதுவானது. அப்புறம் நின்றேவிட்டது.

உங்கள் வளையத்தை வைத்தும் இதையே செய்யுங்கள். முதலில் வெறும் தண்ணீர், பிறகு நீர்த்த கஞ்சி, பிறகு இன்னும் கெட்டியான கஞ்சி. ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் அரிசி மாவு என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். பருப்பு நிமிடத்துக்கு எத்தனை சுற்று வருகிறது என்று போனில் படம் பிடித்து எண்ணுங்கள். எத்தனை கிராமில் சுற்று நிற்கிறதோ, அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா