காலரைப் பார்த்தீர்களா, தம்பி?

கேள்வி: அங்கிள், நான் உணவு டெலிவரி ஓட்டுகிறேன். என் பைக்கில் முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பக்கம் ஆயில் ஒழுகியது. ஒரு பட்டறையில் சீலை, அதாவது ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை, மாற்றினார்கள். மூன்றே வாரத்தில் மறுபடியும் ஒழுகுகிறது. மறுபடி கூலி கொடுக்க மனம் வரவில்லை. நானே மாற்றலாமா? எந்த சீல் வாங்குவது?
– யீஷூன் வாசகர்

பதில்: மாற்றலாம் தம்பி. ஆனால் மூன்று வாரத்தில் திரும்பி வந்த ஒழுகல் என்றால் எனக்குச் சந்தேகம் சீல் மேல் இல்லை, காலர் மேல். ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றினால் அதன் பின்னால், தண்டின் மேல் வளையல் மாதிரி ஓர் இரும்புத் துண்டு மாட்டியிருக்கும். பல பைக்குகளில் சீலின் உதடு, அதாவது அதன் உள் ஓரம், உரசுவது அதன் மேல்தான். அதை வெளியே இழுத்துத் துடைத்து, விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயாவது தட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பள்ளத்தின் மேல் எத்தனை புது சீல் போட்டாலும் ஆயில் வெளியே வரத்தான் செய்யும். காலரையும் புதிதாக வாங்கிவிடுங்கள்.

காலருக்கு உள்ளே, தண்டை ஒட்டி ஒரு சின்ன ஓ ரிங் இருக்கும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அந்த ரப்பர் காய்ந்து தட்டையாகிப் போனால் ஆயில் சீலைத் தொடாமலே காலருக்கும் தண்டுக்கும் நடுவே நழுவி வெளியே வரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு சீல்தான் ஒழுகுகிறது என்று தோன்றும். ஒரு வெள்ளிகூடப் பெறாத ஓ ரிங்குக்காக நல்ல சீலைப் பிடுங்கி எறிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. அந்த இடம் முழுவதையும் டீசலோ டிகிரீசரோ போட்டு நன்றாகக் கழுவி, ஒரு நாள் ஓட்டிவிட்டு, புது ஆயில் எங்கே முளைக்கிறது என்று பாருங்கள். கியர் பெடல் தண்டின் சீல் பக்கத்திலேயே இருக்கிறது. அது ஒழுகினாலும் எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரே உருகி வழிவதைப் பார்த்து பயந்து வந்தவர்களும் உண்டு.

சரி, சீல் வாங்குவது. பழைய சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும். உதாரணமாக 20 34 7 என்றிருந்தால் தண்டு (காலர் இருந்தால் அதன் வெளி விட்டம்) 20 மில்லிமீட்டர், சீல் உட்காரும் குழி 34, தடிமன் 7. எண் அழிந்திருந்தால் காலரையும் குழியையும் வெர்னியர் அளவுகோலில் அளங்கள். பழைய சீலின் உதட்டை அளந்து வாங்காதீர்கள். இறுக்கிப் பிடிப்பதற்காக அதைத் தண்டைவிடச் சிறியதாகத்தான் செய்திருப்பார்கள். எண்ணோடு டிசி (TC) என்று எழுதியிருந்தால் இரண்டு உதடு: ஒன்று ஆயிலை உள்ளே நிறுத்தும், மற்றது தூசியை வெளியே நிறுத்தும். நம் ஊர் மழையில் ஓடும் பைக்குக்கு அதுதான் சரி. இந்த இடத்துக்கு நைட்ரைல் ரப்பர் போதும். விட்டான் என்ற ரப்பர் அதிகச் சூடு தாங்கும், விலையும் அதிகம். பழுப்பாக இருப்பதெல்லாம் விட்டான் இல்லை, நிறத்தைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். பழைய சீலையும் காலரையும் கையிலேயே எடுத்துக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் பேரிங் விற்கும் கடைக்குப் போங்கள். இணையப் படத்தைப் பார்த்து வாங்குவதைவிட அது நல்லது.

கழற்றும்போது, செயின் மாட்டியிருக்கும்போதே பின் பிரேக்கை ஒருவரை மிதிக்கச் சொல்லி ஸ்ப்ராக்கெட் நட்டைத் தளர்த்துங்கள். செயினைக் கழற்றிய பிறகு அது சுற்றிக்கொண்டே இருக்கும். சைட் ஸ்டாண்டில் பைக் இடது பக்கம் சாயும், உங்கள் சீலும் அந்தப் பக்கம்தான். அதனால் முதலில் ஆயிலை வடித்துவிடுங்கள். புட்டியில் பிடித்து ஏதாவது பட்டறையில் கொடுங்கள். வாய்க்காலில் ஊற்றினால் அது போய்ச் சேருவது நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்கு.

பழைய சீலைத் தொடும் முன் ஒன்றைக் கவனியுங்கள். சில எஞ்சின்களில் சீலின் வெளி ஓரத்தில் ஒரு வரம்பு இருக்கும், அது எஞ்சின் கேஸின் பள்ளத்தில் கோத்திருக்கும். அப்படியென்றால் கேஸைப் பிரிக்காமல் முறைப்படி மாற்ற முடியாது. கருவியைக் கீழே வைத்துவிட்டு பட்டறைக்குப் போங்கள். வரம்பு இல்லையென்றால், சீலின் முகத்தில் ஒரு சிறிய ஸ்க்ரூவைத் திருகி, குறட்டால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். ஸ்க்ரூ ஆழமாகப் போய் உள்ளே இருக்கும் பேரிங்கைத் தொட்டுவிடக் கூடாது.

புது சீலின் சுருள் கம்பி தெரியும் பக்கம் உள்ளே, ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவுங்கள். வெளி விட்டத்தைவிட ஒரு நூல் சிறிய சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டுங்கள். 1987இல் டெஃபு லேனில் நான் எடுபிடியாக இருந்தபோது சாக்கெட் தேடச் சோம்பல்பட்டு ஸ்க்ரூட்ரைவரால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். சீல் கோணலாகப் போனது, உள்ளே கம்பி கழன்று விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. மறுநாள் லாரி திரும்பி வந்தது. தவுக்கே (முதலாளி) திட்டவில்லை. அந்தக் குட்டிக் கம்பியை என் கோப்பித் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

எல்லாம் மாட்டிய பிறகு செயினை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டாதீர்கள். அந்த இழுப்பில் பேரிங் தேயும், தண்டு ஆடும், புது சீலும் போகும். எஞ்சினின் பிரீதர் குழாய் எங்கேயாவது மடங்கி நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும்.

கேள்வி: என் காருக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது. கிராங்க் தண்டின் பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள். உடனே செய்ய வேண்டுமா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: அவசரப்படாதீர்கள்மா. மேலே வால்வ் கவர் கேஸ்கெட்டில் கசியும் ஆயிலும் எஞ்சினின் பின்பக்கமாக வழிந்து அதே இடத்தில்தான் சொட்டும். கழுவிவிட்டு, ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினின் உள் அழுத்தத்தை வெளியேற்றும் பிசிவி வால்வையும் சோதிக்கட்டும். பின் சீல்தான் என்று உறுதியானால் செய்துதான் ஆக வேண்டும், ஒழுகலோடு வாகனப் பரிசோதனைக்குப் போவது தொல்லை. புது சீல் டெஃப்லான் வகை என்றால் அதில் ஆயில் தடவக் கூடாது, காய்ந்த நிலையிலேயே போட வேண்டும். பழக்கதோஷத்தில் தடவிவிடுவார்கள், ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

கேள்வி: ஒழுகும் சீலுக்கு வெளியே சிலிக்கோன் பூசினால் நிற்குமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: நிற்காது. சுற்றுகிற தண்டின் மேல் பசை எப்படி ஒட்டும்? பெயரை மறைத்தது நல்லதுதான்.