மூன்று வாய்க்கு மேல் தண்ணீர் இறங்கவில்லையே, டாக்டர்?

கேள்வி: வயது 41. எடை குறைப்புக்காக ஸ்லீவ் ஆபரேஷன் செய்து 9 நாள் ஆகிறது. திரவ உணவுதான். தண்ணீர் குடித்தாலே நெஞ்சில் அடைத்துக்கொண்டு வலிக்கிறது. நாளைக்கு மூன்று டம்ளர் போவதே பெரும்பாடு. எழுந்தால் தலை சுற்றுகிறது. பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறேன். மாமியார் கஞ்சித் தண்ணீரும் பருப்புத் தண்ணீரும் தருகிறார். போதுமா? காபி குடிக்கலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் தலைசுற்றலைப் பார்ப்போம். இன்றே உங்கள் சர்ஜனுக்குப் போன் செய்துவிடுங்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பிரஷர் தானாகவே இறங்கத் தொடங்கும். உங்கள் மாத்திரை சிறுநீரை அதிகம் போக வைக்கும் வகை என்றால், உள்ளே போகிற கொஞ்ச நீரையும் வெளியேற்றிவிடும். நீங்களாக நிறுத்த வேண்டாம். அளவை அவர் மாற்றித் தருவார். தேவைப்பட்டால் டிரிப்ஸ் ஏற்றுவார்கள்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு குறுகலான குழாய். ஆபரேஷன் செய்த புதிதில் அதன் உட்சுவர் வீங்கியும் இருக்கும். நாமோ செம்பை அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்துப் பழகியவர்கள்! அப்படிக் குடிக்கும்போது தண்ணீரோடு காற்றும் சேர்ந்து இறங்கும். நெஞ்சடைப்புக்கு அதுவே போதும். ஸ்ட்ராவும் வேண்டாம்.

இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். வாய் வைத்து, இரண்டு மூன்று மடக்காகப் பிரித்துக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி 30 மில்லி. மணிக்கு 120 மில்லி என்றால், விழித்திருக்கும் 14 மணி நேரத்தில் 1,680 மில்லி ஆகிவிடும். நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் என்பதுதான் நம் இலக்கு. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். போனில் அலாரம் வையுங்கள். குளிர்ந்த நீர் இறங்கவில்லையா, வெதுவெதுப்பாகக் குடித்துப் பாருங்கள். பலருக்கு அது எளிதாக இறங்கும்.

மாமியாரின் அக்கறைக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் கஞ்சித் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. பருப்புத் தண்ணீரிலும் புரதம் சொற்பம்தான். பருப்பு அடியில் தங்கிவிடுகிறதே! நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். அது இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும், முடியும் கொட்டும். அதனால் டயட்டீஷியன் சொன்ன புரதப் பவுடரைத் தண்ணீரிலோ கொழுப்பு நீக்கிய பாலிலோ கலந்து குடியுங்கள். நீர்மோர், வடிகட்டிய தெளிவு ரசம் (காரம் இல்லாமல்) குடிக்கலாம். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் கொஞ்சம் இளநீரும் சரி. பழச்சாறு, சோடா வேண்டாம்.

சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரியாகக் குடிக்கிறீர்கள் என்று பொருள். அடர்ந்த நிறத்தில் போனாலோ, ஒரு நாள் முழுக்கக் குடிப்பதெல்லாம் வாந்தியாக வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பைப் பாதிக்கும். காய்ச்சல், சும்மா இருக்கும்போதே படபடப்பு, வயிற்றிலோ இடது தோளிலோ கடும் வலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் – இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். தையல் போட்ட இடத்தில் கசிவோ, ரத்தக்கட்டோ இருக்கலாம்.

காபியா? ஒரு மாதம் போகட்டும். அப்புறமும் சர்க்கரை இல்லாமல், அரை டம்ளர்தான்.