லினக்ஸ் கெர்னலை அமைக்கும் வரைகலைக் கருவிகள்: கேள்வி பதில்

கேள்வி: மெனுகான்ஃபிக், என்கான்ஃபிக், எக்ஸ்கான்ஃபிக், ஜிகான்ஃபிக் ஆகிய அமைப்புக் கருவிகளுள் எதைப் பயன்படுத்தினால் கெர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) சிறப்பாக அமையும்?

பதில்: எதைப் பயன்படுத்தினாலும் கிடைக்கும் கெர்னல் ஒன்றுதான். நான்கும் மூலநிரல் அடைவுகள் தோறும் இருக்கும், தேர்வுகளை விவரிக்கும் கேகான்ஃபிக் கோப்புகளைப் படித்து, உங்கள் தேர்வுகளை டாட் கான்ஃபிக் என்ற ஒரே உரைக்கோப்பில்தான் எழுதுகின்றன. முதலிரண்டும் எழுத்துகளாலேயே மெனு வரையும் என்கர்சஸ் நூலகத்தைக் கொண்டு டெர்மினலுக்குள் ஓடுபவை. எக்ஸ்கான்ஃபிக் க்யூடியையும் ஜிகான்ஃபிக் ஜிடிகேயையும் (இரண்டும் சாளரங்களை வரையும் நூலகங்கள்) நம்பியிருப்பவை. எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து சர்வரில் வேலை செய்பவருக்கு மெனுகான்ஃபிக் போதும். தம் கணினியில் புதிதாகப் பழகுபவருக்கு எக்ஸ்கான்ஃபிக்கையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: என் கணினியில் க்யூடியில் எழுதப்பட்ட கேடிஇ டெஸ்க்டாப் நன்றாக ஓடுகிறது. ஆனாலும் மேக் எக்ஸ்கான்ஃபிக் என்று கொடுத்தால், க்யூடி இல்லை என்று நின்றுவிடுகிறதே?

பதில்: கேடிஇ ஓடுவதற்கு க்யூடி நூலகம் மட்டும் இருந்தால் போதும், எக்ஸ்கான்ஃபிக்கோ உங்கள் கணினியிலேயே கம்பைல் ஆகும் நிரல் என்பதால் அதற்கு ஹெடர் கோப்புகளும் (கம்பைல் செய்யும்போது நூலகத்தைப் பற்றிச் சொல்பவை) வேண்டும். க்யூடியின் டெவலப்மென்ட் பேக்கேஜ், பிகேஜி-கான்ஃபிக், ஃப்ளெக்ஸ், பைசன் ஆகியவற்றை நிறுவிவிட்டு மறுபடி முயலுங்கள்.

கேள்வி: இன்டெல் வைஃபைக்கு வேண்டிய ஐடபிள்யூஎல்எம்விஎம் என்ற தேர்வு எந்த மெனுவிலும் காணவில்லை. ஒருமுறை அது தென்பட்டபோது, ஒய் கொடுத்தாலும் எம் என்றே நின்றது. கருவியில் பிழையா?

பதில்: பிழையில்லை. ஒய் என்றால் கெர்னலுக்குள்ளேயே, எம் என்றால் பிறகு தனியே ஏற்றப்படும் மாட்யூலாக, என் என்றால் வேண்டாம் என்று பொருள். ஒரு தேர்வு சார்ந்திருக்கும் மற்றொன்று அணைந்திருந்தால், கருவி அதை இயல்பாக மறைத்துவிடும். மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டை அழுத்திப் பெயரைத் தேடினால், அது எம்ஏசி80211 என்ற பொதுவான வைஃபை அடுக்கைச் சார்ந்திருப்பதும், அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சமக்குறியோடு என் என்று இருப்பதும் தெரியும். அந்த என் தான் உங்கள் தேர்வை மறைத்தது. இசட் விசையை அழுத்தினால் மறைந்தவையும் பட்டியலில் தோன்றும். எக்ஸ்கான்ஃபிக்கில் ஆப்ஷன் மெனுவில் எல்லாத் தேர்வுகளையும் காட்டச் சொல்லி, டீபக் விவரத்தையும் இயக்கிவிட்டால், கீழ்ப்பலகத்தில் சார்புகள் இணைப்புகளாக வரும். ஒவ்வொன்றாகச் சொடுக்கி மூலகாரணம் வரை போகலாம். வரைகலைக் கருவியால் உண்மையில் கிடைக்கும் ஆதாயம் இதுதான், பொத்தான்களின் அழகு அல்ல.

இனி இரண்டாவது சிக்கல். எம்ஏசி80211 மாட்யூலாக இருக்கையில் அதைச் சார்ந்த டிரைவர் கெர்னலுக்குள்ளேயே அமர முடியாது. கெர்னல் பூட் ஆகும்போது அந்த மாட்யூல் இன்னும் ஏற்றப்பட்டிருக்காது அல்லவா? ஆகவே எம் அல்லது என் மட்டுமே அனுமதி. எக்ஸ்கான்ஃபிக் கட்டத்துக்குள் டிக்குக்குப் பதில் புள்ளி தெரிந்தால், அது மாட்யூல் என்று பொருள்.

கேள்வி: ஆயிரக்கணக்கான தேர்வுகளில் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வெறுமையிலிருந்து தொடங்காதீர்கள். பூட் அடைவில் உள்ள உங்கள் டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் விநியோகத்தின்) கான்ஃபிக் கோப்பை டாட் கான்ஃபிக்காக நகலெடுத்து, மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் கொடுங்கள். புதிய தேர்வுகளுக்கு இயல்பு மதிப்புகள் தாமாக இடப்படும். அளவைக் குறைக்க வேண்டுமானால் லோக்கல்மாட்கான்ஃபிக் இருக்கிறது. ஆனால் அது அந்த நேரத்தில் ஏற்றப்பட்டுள்ள மாட்யூல்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். பிரின்டர், வெப்கேம், பென்டிரைவ் எல்லாவற்றையும் செருகிய பிறகே அதை ஓட்டுங்கள்.

கேள்வி: அப்படியே செய்தேன். பாதியில் ஏதோ பெம் கோப்பு (சான்றிதழ்க் கோப்பு) இல்லை என்று கம்பைல் நின்றுவிட்டது.

பதில்: விநியோகிப்பவரின் சான்றிதழ் இருக்கும் பாதை அந்தக் கான்ஃபிக்கோடு சேர்ந்து வந்திருக்கிறது, பொதுவான மூலநிரலில் அந்தக் கோப்பு இராது. கிரிப்டோகிராஃபிக் ஏபிஐ மெனுவில், சான்றிதழ்களுக்கான உட்பிரிவுக்குச் சென்று, கூடுதல் எக்ஸ்.509 சாவிகள் என்ற இடத்தையும் ரத்துப் பட்டியலுக்கான சாவிகள் என்ற இடத்தையும் வெறுமையாக்குங்கள்.

கேள்வி: எக்ஸ்கான்ஃபிக் முன்பு வேறு தோற்றத்தில் இருந்ததாக நினைவு.

பதில்: 2.4 வரிசையில் அது டிசிஎல்/டிகே என்ற ஸ்கிரிப்ட் மொழியிலும் அதன் சாளர நூலகத்திலும் எழுதப்பட்டிருந்தது. அதற்கு மாற்றாக எரிக் ரேமண்ட் பைத்தானில் எழுதிய சிஎம்எல்2 என்ற அமைப்பு முறை முன்மொழியப்பட்டும், கெர்னலைக் கம்பைல் செய்யப் பைத்தானும் வேண்டுமா என்ற எதிர்ப்பு உட்படப் பல காரணங்களால் சேர்க்கப்படவில்லை. ரோமன் சிப்பல் எழுதிய கேகான்ஃபிக் 2002-இல் 2.5.45 பதிப்பில் இடம்பெற்றது; இன்றைய கருவிகள் யாவும் அதன் மேல் நிற்பவை.

கேள்வி: சேமித்த பிறகு எதை மாற்றினேன் என்று பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. முந்தைய கோப்பு டாட் கான்ஃபிக் டாட் ஓல்ட் என்ற பெயரில் தங்கியிருக்கும். ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள டிஃப்கான்ஃபிக்கை ஓட்டினால் இரண்டையும் ஒப்பிட்டு மாறியவற்றை மட்டும் காட்டும். நீங்கள் ஒரு தேர்வைத் தொட்டிருக்க, அதனால் தாமாக மாறிய பிற தேர்வுகளும் அதில் வரும். கம்பைல் செய்யும் முன் அவற்றைப் படித்துவிடுங்கள்.