டிஜிட்டல் வந்தபின் காமிக்ஸில் கதை சொல்லும் முறையே மாறிவிட்டதா?

ஆம், அடிப்படையிலேயே. அச்சில் பக்கம் புரட்டும் கணம்தான் ஓவியரின் ஆயுதம். திடுக்கிட வைக்கும் காட்சியை அடுத்த பக்கத்தில் ஒளித்துவைப்பார். கைபேசியில் பக்கமே கிடையாது. பக்க அளவுக்குள் அடங்காமல் எந்தத் திசையிலும் நீளும் எல்லையற்ற திரை என்ற யோசனையை அமெரிக்க காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்ளவுட் 2000ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். தென்கொரியாவில் நேவர் என்ற இணைய நிறுவனம் 2004இல் தொடங்கிய வெப்டூன் போன்ற இணைய காமிக்ஸ் சேவைகளில், மேலிருந்து கீழே தள்ளிப் படிக்கும் செங்குத்து வடிவம் வேரூன்றியது. அதில் கட்டங்களுக்கு நடுவேயுள்ள வெற்றிடம்தான் நேரம். இடைவெளி நீண்டால் மௌனமும் நீளும். ஒருவன் கிணற்றில் விழுவதை, விரல் தள்ளத் தள்ள, விழுந்துகொண்டே இருப்பதாகக் காட்டலாம்!

வெளியீட்டில், அச்சகமும் கிடங்கும் இல்லாமலே வாரம் ஓர் அத்தியாயம் போடலாம். வாசகர்கள் சேர்ந்தபின் கூட்டுநிதி திரட்டிப் புத்தகமாக்குகிறார்கள். வாராவாரம் வண்ணத்தில் வரைவது முதுகொடிக்கும் வேலை என்பது வேறு விஷயம். இரு பக்கம் விரியும் பிரம்மாண்டக் காட்சி மட்டும், என் பார்வையில், இன்னும் காகிதத்தில்தான் எடுபடுகிறது.