கருகிய சர்க்யூட் போர்டும் 12 லட்சம் ரூபாய் கடனும்

பிளஸ் டூ முடித்த மகனை எதில் சேர்ப்பது என்று கேட்க வந்த நீங்கள், சென்ற சனிக்கிழமை என் மேசைமீது ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தீர்கள். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை. அதில் கருகிய சிப் ஒன்று, அதன் முதுகில் மிளகு அளவுக்கு ஓட்டை. “இதைத்தான் சார் ஒன்பது நாளாக நோண்டிக்கொண்டிருந்தான்” என்றீர்கள். உங்கள் மனைவி எதுவும் பேசவில்லை. மைத்துனர்தான் எல்லாருக்கும் சேர்த்துப் பேசினார்: கம்ப்யூட்டர் சயன்ஸ், நிர்வாக ஒதுக்கீடு, நான்கு ஆண்டுக்கு 12 லட்சம், வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தால் ஆயிற்று.

அன்று நாலு ஆறுதல் வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அது என் தவறு. மறுநாள் உங்கள் மகனுடன் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பேசிய பிறகு இதை எழுதுகிறேன். அந்த ஒன்பது நாளில் அவன் என்ன செய்தான் என்று உங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லையாம்.

சித்தப்பாவின் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் மலிவான எஸ்எம்பிஎஸ் (மின்சப்ளைப் பெட்டி) ஒன்று செத்தபோது ஹார்ட் டிஸ்கையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. அதில் நான்கு ஆண்டுக் கல்யாணப் படங்கள். பையன் டிஸ்கின் அடியிலிருந்த இந்தப் பச்சைப் பலகையின் நட்சத்திரத் திருகுகளைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்திருக்கிறான். 12 வோல்ட் வழியில் இருக்கும் காப்பு டயோடு இரண்டு பக்கமும் ஷார்ட். மின்னழுத்தம் எகிறினால் தன்னைப் பலி கொடுப்பதுதான் அந்த டயோடின் வேலை. அது மட்டும் போயிருந்தால் கழற்றிவிட்டு, நல்ல மின்சப்ளை கொடுத்து, உடனே எல்லாவற்றையும் நகலெடுத்துவிடலாம். இங்கே மோட்டாரை ஓட்டும் சிப்பும் சேர்ந்து கருகிவிட்டது.

அதே பலகை எண் கொண்ட பழைய டிஸ்க் ஒன்றை சென்னை ரிச்சி தெரு மின்னணுச் சந்தையில் தேடிப் பிடித்து, அதன் போர்டை மாட்டியிருக்கிறான். மோட்டார் சுற்றியது, கம்ப்யூட்டருக்கு டிஸ்க் தெரியவில்லை. இந்த இடத்தில்தான் பல கடைக்காரர்கள் “உள்ளேயே போய்விட்டது” என்று கையை விரித்துவிடுவார்கள். இவன் ஏன் என்று யோசித்திருக்கிறான். போர்டில் எட்டுக் கால் கொண்ட சிறிய ரோம் சிப் ஒன்று உண்டு. தொழிற்சாலையில் அந்த ஒரு டிஸ்கின் தலைக்கும் தட்டுக்கும் அளந்து எழுதிய திருத்தங்கள் அதில் இருக்கும். ஒரே மாடலாக இருந்தாலும் இன்னொரு டிஸ்கின் கணக்கு இதற்குப் பொருந்தாது. பழைய போர்டிலிருந்து அந்தச் சிப்பைச் சூடான காற்றால் எடுத்துப் புதியதில் வைத்துப் பற்றவைத்திருக்கிறான். டிஸ்க் உயிர்பெற்றது. படங்களைத் திறந்து பார்க்கக்கூட நிற்காமல், முதலில் முழு டிஸ்கையும் வேறொன்றில் நகலெடுத்திருக்கிறான். மூடிய பாகத்தைத் தொடவே இல்லை. உள்ளே தலை தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது, ஒரு தூசி போதும் என்று எனக்கே விளக்கினான். படிப்பு ஆலோசகர் ஆவதற்கு முன் ஆறு ஆண்டு சர்வீஸ் கடையில் ஈயம் உருக்கியவன் நான். குறுக்கே பேசாமல் கேட்டேன்.

ஒரே ஒரு பிழை. சிப்பைக் கழற்றும் முன் அதிலுள்ளதைப் படித்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளவில்லை. சூட்டில் அது போயிருந்தால் படங்களும் போயிருக்கும். இதைச் சொன்னதும் சற்று நேரம் மௌனம். பிறகு, “அந்தப் பிரதி எடுக்கும் கருவிக்கு என்ன பெயர் சார்?” என்றான்.

கம்ப்யூட்டர் சயன்ஸ் ரெகார்டு நோட்டைப் பற்றியும் கேட்டேன். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினானாம். கம்ப்யூட்டர் சயன்ஸ் கெட்ட படிப்பு அல்ல. இவனுக்கான படிப்பு அல்ல. அதற்காக வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள். தவணை உங்கள் பெயரில் வரும், மைத்துனர் பெயரில் வராது.

கலந்தாய்வு, கட்-ஆஃப் பற்றியெல்லாம் நாளிதழ்கள் போதுமான அளவு எழுதிவிட்டன. நான் சொல்வது அரசு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. பிளஸ் டூ அறிவியல் பிரிவு என்பதால் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்; கட்டணம் சில ஆயிரங்களில் அடங்கும். பிறகு அவனுக்கே ஆசை வந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் திறந்தே இருக்கிறது. இடம் கிடைக்காவிட்டால் அரசு ஐடிஐயில் எலக்ட்ரானிக் மெக்கானிக், இரண்டு ஆண்டு. பயிற்சி இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஐடிஐ என்றதும் உறவினர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

படிக்கும்போதே மாலையில் போர்டு பழுதுபார்க்கும் கடையில் உட்காரட்டும். ஆரம்பச் சம்பளம் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். பிறகு தூசியில்லாத காற்றோட்ட மேசை வைத்து, தரவை மீட்க டிஸ்கைத் திறக்கும் ஆய்வகம் ஒன்றில் இரண்டு மூன்று ஆண்டு. சொந்தக் கடை பற்றி இப்போது பேச்சே வேண்டாம். செத்த டிஸ்கிலிருந்து தரவை மீட்கும் பிசி-3000 போன்ற கருவி லட்சங்களை விழுங்கும். இப்போதைக்கு ஒரு நல்ல மல்டிமீட்டர், சூடான காற்று நிலையம், அவன் பெயர் கேட்ட அந்த ரோம் புரோகிராமர், இவை போதும். 12 லட்சத்தின் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய தொகையே அல்ல.

“ஹார்ட் டிஸ்கே ஒழிந்துபோகும்” என்று மைத்துனர் சொன்னார். வீட்டுக் கம்ப்யூட்டரில் குறைகிறது, உண்மை. தரவு மையங்களில் இன்னும் அதுதான் மலை மலையாக ஓடுகிறது. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டியில் அழித்த கோப்பை மீட்பது பெரும்பாலும் நடக்காது. ஆனால் எரிந்த எஸ்எஸ்டியையும் செத்த செல்போனையும் எழுப்புவதற்கு வேண்டியது இதே கைதான். நீதிமன்றப் பக்கமும் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழில் ஹாஷ் மதிப்பை (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) குறிப்பிட வேண்டும். ஒரு பகுதியில் வல்லுநர் கையெழுத்திட வேண்டும். மூலத்தைத் தொடாமல் முதலில் நகல் எடுக்கும் பழக்கம் உள்ளவனுக்கு அந்தத் துறையில் இடம் இருக்கிறது. தடய அறிவியலில் மேலே படிக்க வேண்டுமானால் பட்டம் தேவைப்படும். அந்த முடிவை மூன்று ஆண்டு கழித்து அவன் எடுப்பான்.

அந்தப் பச்சைப் பலகையை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அடுத்த சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பையனையும் அம்மாவையும் அழைத்து வாருங்கள். மைத்துனர் இந்த முறை வர வேண்டாம்.