படங்களுக்கு ஆல்ட், டைட்டில் இரண்டையும் எழுத வேண்டுமா?

கேள்வி: என் வலைத்தளத்தில் 300 படங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆல்ட், டைட்டில் இரண்டையும் எழுத வேண்டுமா? ஒரே வரியை இரண்டிலும் ஒட்டிவிட்டால் போதாதா?

ஆல்ட் (படத்துக்குப் பதிலாக நிற்கிற வரி) ஒவ்வொரு படத்துக்கும் வேண்டும். டைட்டில் (சுட்டியை வைத்தால் தெரிகிற குறிப்பு) பெரும்பாலும் வேண்டாம். ஒரே வரியை இரண்டிலும் ஒட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். சில ஸ்க்ரீன் ரீடர்கள் (பார்வையற்றவருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள்) அதை இரண்டு தடவை வாசிக்கும், கேட்பவருக்கு 300 படத்துக்கு 600 வரி.

சில வருடங்களுக்கு முன் நான் செய்து முடித்த ஒரு தளத்தை, பார்வையற்ற நண்பர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் மூலம் கேட்டுப் பார்த்தார். முகப்பில் ஆறு படங்கள், ஆறும் அழுத்தினால் வேறு பக்கத்துக்குப் போகிற இணைப்புகள். ஒன்றுக்கும் நான் ஆல்ட் எழுதவில்லை. வாசிக்க வேறு எதுவும் இல்லாததால் மென்பொருள் கோப்பின் பெயரையும் எண்களையும் அடிக்கோடுகளையும் வாசித்துக்கொண்டே போனது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதில் எதை அழுத்தினால் தொடர்பு எண் வரும்?" என்றார். அன்று மாலையே ஆறையும் திருத்தினேன். அதிலிருந்து ஆல்ட் எழுதாமல் ஒரு படத்தையும் நான் ஏற்றுவதில்லை.

இரண்டுக்கும் வேலை வேறு. படத்தைப் பார்க்க முடியாதவருக்குப் படத்தின் இடத்தில் போய் நிற்பது ஆல்ட். ஸ்க்ரீன் ரீடர் அதைப் பேசும், பிரெய்ல் கருவி அதைப் புள்ளிகளாகக் காட்டும், இணையம் மெதுவாக இருந்து படம் இறங்காவிட்டால் உலாவி அந்த வரியைக் காட்டும். டைட்டில் என்பது சுட்டியைப் படத்தின் மேல் வைத்தால் எட்டிப் பார்க்கிற சின்னக் குறிப்பு. கைபேசியில் சுட்டியே கிடையாது, விசைப்பலகையை மட்டும் பயன்படுத்துபவருக்கும் அது தெரியாது. ஆகவே முக்கியமான எதையும் டைட்டிலில் வைக்காதீர்கள். வலைப்பக்கங்களை எழுதுகிற எச்.டி.எம்.எல். மொழியின் தரமே டைட்டிலை நம்பியிருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. (பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைப் பதிக்கிற ஐஃப்ரேமுக்கு மட்டும் டைட்டில் உண்மையிலேயே தேவை.)

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஆல்ட்டையே அந்தச் சின்னக் குறிப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது. 2009-இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் அதை மாற்றினார்கள். அதற்குள் ஆல்ட் என்றால் சுட்டிக் குறிப்பு என்று பலர் மனதில் பதிந்துவிட்டது.

சரி, ஆல்ட்டில் என்ன எழுதுவது? அந்தப் பக்கத்தை நீங்கள் ஒருவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். படம் வருகிற இடத்தில் என்ன சொல்வீர்களோ, அதுதான் ஆல்ட். படத்தில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் தேவையில்லை, அந்தப் படம் அங்கே எதற்கு வந்தது என்பதே தேவை. மழையில் குடை பிடித்து நடக்கிற ஒரு பெண்ணின் படம் என்று வைப்போம். வானிலைச் செய்தியில் "கொட்டும் மழையில் குடையுடன் சாலையைக் கடக்கும் பெண்" சரியாக இருக்கும். குடை விற்கிற பக்கத்தில் அதே படத்துக்கு "மரக் கைப்பிடி கொண்ட நீல நிற நீளக் குடை" என்று வரவேண்டும், வாங்க வந்தவருக்கு அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் வேண்டாம். ஒரு கவிதைக்கு மேலே அழகுக்காக வைத்தது என்றால் எதுவுமே எழுத வேண்டாம்.

எதுவும் எழுத வேண்டாம் என்றால் ஆல்ட்டையே விட்டுவிடுவது என்று அர்த்தமில்லை. இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஆல்ட்டைப் போட்டு, மேற்கோள் குறிகளுக்கு நடுவே காலியாக விட வேண்டும் (alt=""). அப்படிச் செய்தால் "இது அலங்காரம், தாண்டிப் போ" என்று ஸ்க்ரீன் ரீடருக்குச் சொன்னதாகும், அது சத்தமில்லாமல் தாண்டிவிடும். ஆல்ட்டே இல்லாவிட்டால் அதற்கு முடிவெடுக்க வழியில்லை, கோப்பின் பெயரை வாசிக்க ஆரம்பித்துவிடலாம். அப்புறம், இணைப்பாக இருக்கிற படத்துக்குக் காலி ஆல்ட் கூடாது. அது எங்கே கொண்டுபோகும் என்று எழுதுங்கள்: பூதக்கண்ணாடிச் சின்னத்துக்கு "தேடு" போதும்.

"படம்:" என்று தொடங்க வேண்டாம், அது படம் என்பதை ஸ்க்ரீன் ரீடரே சொல்லிவிடும். படத்துக்குள் எழுத்து இருந்தால் அந்த எழுத்தை அப்படியே ஆல்ட்டில் கொடுங்கள். வரைபடம், புள்ளிவிவரப் படம் என்றால் ஒரு வரியில் அதன் சாரத்தைச் சொல்லிவிட்டு, எண்களைப் பக்கத்திலேயே அட்டவணையாகத் தாருங்கள். அது பார்க்க முடிகிறவருக்கும் உதவும். தமிழ்ப் பக்கம் என்றால் ஆல்ட்டும் தமிழில் இருக்கட்டும், பக்கத்தின் மொழியும் தமிழ் என்று குறிக்கப்பட்டிருக்கட்டும். மொழி தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் உச்சரிப்பு சிதைந்துவிடும். தேடுபொறிக்காக ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிப்பதை நான் ஏற்பதில்லை, அதைக் காதால் கேட்டுச் சகித்துக்கொள்ள வேண்டியவர் ஒரு மனிதர்.

"அவ்வளவு முக்கியமா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது சிட்னி ஒலிம்பிக் தளத்தின் வழக்கு. புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர் அந்தத் தளத்தைப் பயன்படுத்த முடியவில்லை என்று முறையிட்டார். படங்களுக்கு ஆல்ட் எழுத வேண்டும் என்று 2000-இல் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் உத்தரவிட்டது. அமைப்புக் குழு அதை முழுமையாகச் செய்யாததால் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்துவதற்கான இன்றைய டபிள்யூ.சி.ஏ.ஜி. வழிகாட்டுதலிலும் 1.1.1 என்ற முதல் விதியே இதுதான்.

உங்கள் 300 படங்களையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். முதலில் இணைப்பாக, பொத்தானாக இருக்கிற படங்களை எடுங்கள், அவற்றுக்கு ஆல்ட் இல்லாவிட்டால் ஸ்க்ரீன் ரீடரில் கேட்பவர் உங்கள் தளத்தில் நகர முடியாது. அடுத்து எழுத்தோ எண்ணோ உள்ள படங்கள். அலங்காரப் படங்களுக்குக் காலி ஆல்ட் போடுவது அரை மணி நேர வேலை. புகைப்படங்களை நாளுக்கு இருபதாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கைபேசியில் இருக்கிற ஸ்க்ரீன் ரீடரை (ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர்) இயக்கி, திரையைப் பார்க்காமல் ஒரு பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். எங்கே தடுக்கிறதோ அந்தப் படத்துக்கு மறுபடி எழுதுங்கள்.