போசா நோவா ஜாஸின் ஒரு வகையா?

கேள்வி: "போசா நோவா என்பது ஜாஸ் இசையின் ஒரு வகைதானே? பிரேசிலில் இந்த இரண்டும் எப்படி ஒன்று சேர்ந்தன?"

ஜாஸின் வகை இல்லை. இசைச் செயலிகளில் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு வைத்திருப்பதால் அப்படித் தோன்றுகிறது. கிட்டாரில் வலது கை தந்திகளைப் பறித்துத் தாளம் தரும், இடது கை கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களைப் பிடிக்கும். கிட்டார் வாசிப்பவனாக எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: போசா நோவாவின் வலது கை பிரேசிலின் நடன இசையான சம்பா. இடது கைதான் ஜாஸைக் கேட்டது, அதுவும் ஜாஸை மட்டும் கேட்கவில்லை.

எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் போசா நோவாவை ஒரு ஜாஸ் பாட்டுப் புத்தகத்திலிருந்துதான் தொடங்கினார். ஒரு தாள அச்சு கொடுத்தார். எந்தப் பாட்டு வந்தாலும் அதையே வாசிக்க வேண்டும். இரண்டு வருடம் வாசித்தேன். அப்புறம் ஒரு நாள் ராத்திரி ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, போசா நோவாவை உருவாக்கிய பிரேசில் பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜோவாவ் ஜில்பெர்ட்டோவின் 1959ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தைக் கேட்டேன். அரை மணி நேரம்கூட ஓடாத ஆல்பம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன். நான் கற்றுக்கொண்டதற்கும் அந்த மனிதரின் கை செய்வதற்கும் சம்பந்தமே இல்லை. அன்று தொடங்கியதுதான், இன்றுவரை அந்த வலது கையைப் பின்தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கை என்ன செய்கிறது? சம்பா இரண்டு அடி கொண்ட தாளம். ரியோவின் சம்பா ஊர்வலங்களில் சுர்டோ என்ற பெரிய முரசு அந்த அடிகளைத் தாங்கும். இரண்டாவது அடியில்தான் கனம் அதிகம். அதற்கு மேலே தம்போரிம் என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னத் தோல் கருவி, குச்சியால் தட்டுவார்கள். அது அடிகளுக்கு நடுவில், இடம் தள்ளித் தள்ளி விழும். நூறு பேர் சேர்ந்து செய்யும் இந்த வேலையை ஜில்பெர்ட்டோ ஒரே கைக்குள் கொண்டுவந்தார். கட்டைவிரல் கீழ்த் தந்திகளில் சுர்டோவாகச் சீராக நடக்கும். மற்ற மூன்று விரல்கள் ஒரே நேரத்தில் மூன்று தந்திகளைப் பறித்து தம்போரிமின் இடங்களில் விழும். இதற்கு மேல் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவுக்குத்தான். வரியைத் தாளத்துக்கு முன்னால் எடுப்பார், அல்லது பின்னால் இழுப்பார், கடைசியில் சரியாக வந்து சேர்வார். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த முந்தல் பிந்தல் புதிதல்ல. ஆனால் பாடுகிறவரே அசையாத கட்டைவிரலோடு தாளத்தையும் பிடித்துக்கொண்டு இதைச் செய்கிறார் என்பதை உட்கார்ந்து முயன்று பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

இதில் ஜாஸின் தாளம் எங்கேயும் இல்லை. ஜாஸின் உயிர் ஸ்விங். ஓர் அடியை இரண்டாகப் பிரித்தால் முதல் பாதி நீளமாகவும் இரண்டாம் பாதி குட்டையாகவும் வரும். போசா நோவாவில் இரண்டும் சரிபாதி. ஆட்டம் அந்தப் பாதிகளின் நீளத்தில் இல்லை, எந்தப் பாதியில் விரல் விழுகிறது என்பதில் இருக்கிறது. ஒரு ஜாஸ் ட்ரம்மர் போசா நோவா வாசிக்கும்போது ஏதோ உறுத்தினால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

சரி, இடது கைக்கு வருவோம். 1940களின் ரியோவில் அமெரிக்க இசைத்தட்டுகள் நன்றாகவே கிடைத்தன. டிக் ஃபார்னி என்ற பிரேசில் பாடகர் பியானோவோடு மெல்லிய குரலில் பாடி 1946இல் 'கோபகபானா' என்ற பாட்டைப் பெரிய வெற்றியாக்கினார். 1949இல் ரியோ இளைஞர்கள் அமெரிக்கப் பாடகர் சினாட்ராவின் பெயரையும் ஃபார்னியின் பெயரையும் சேர்த்து ஒரு ரசிகர் மன்றமே வைத்தார்கள். பிறகு போசா நோவாவோடு அறியப்பட்ட சில இசைக்கலைஞர்கள் அங்கே வந்து போனவர்கள். 1950களின் நடுவில் அமெரிக்கப் பாடகி ஜூலி லண்டனின் முதல் ஆல்பம் வந்தது. குரலுக்குப் பின்னால் பார்னி கெசலின் கிட்டாரும் ஒரு பாஸும் மட்டும். ரியோவில் கிட்டார் பழகிய பிள்ளைகள் அந்தக் கார்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமானவர் ஜானி ஆல்ஃப். 1929இல் ரியோவில் பிறந்த கறுப்பின பியானோ கலைஞர். ரியோவின் கோபகபானா பகுதியில் பிளாசா ஹோட்டல் பாரில் வாசித்துக்கொண்டிருந்தபோது இசையமைப்பாளர் ஜோபிம், ஜில்பெர்ட்டோ, பியானோ கலைஞர் ஜோவாவ் டொனாட்டோ எல்லோரும் அவரைக் கேட்கப் போவார்கள். சம்பாப் பாட்டின் உள்ளே ஜாஸ் கார்டுகளைப் போசா நோவா என்ற பெயர் பிறக்கும் முன்பே வைத்துக் காட்டியவர். ஜோபிம் அவரை 'ஜெனியால்ஃப்' என்று அழைத்தார், மேதை என்ற சொல்லையும் அவர் பெயரையும் சேர்த்து. ஆனால் 1955இல் அவர் சாவோ பாவ்லோவுக்கு வேலைக்குப் போய்விட்டார். மூன்று வருடம் கழித்து ரியோவில் போசா நோவா வெடித்துக் கிளம்பியபோது ஆள் ஊரில் இல்லை. இன்றும் போசா நோவா வரலாறு சொல்பவர்கள் பலர் அவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

1958இல் வந்தது அந்தோனியோ கார்லோஸ் ஜோபிம் இசையமைத்து வினீசியஸ் டி மொராயஸ் வரிகள் எழுதிய 'ஷேகா ஜி சௌதாஜி' என்ற பாட்டு. 'ஏக்கம் போதும்' என்று பொருள். முதலில் எலிசெத் கார்டோசோ பாடினார், ஜில்பெர்ட்டோ கிட்டார் வாசித்தார். அதே வருடம் ஜில்பெர்ட்டோ தானே பாடிப் பதிவு செய்தார். அதோடு பிரேசில் பாட்டு வேறு மாதிரி ஆகிவிட்டது.

ஜோபிமின் கார்டுகளை ஜாஸ் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவர் பிரெஞ்சு இசையமைப்பாளர்கள் டெபுஸ்ஸியையும் ராவெலையும் தன் நாட்டு வில்லா-லோபோஸையும் படித்து வளர்ந்தவர். ஜாஸ்காரர்களும் அதே பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டவர்கள்தான். ஒரே கிணற்றில் இரண்டு வீட்டார் தண்ணீர் எடுத்த கதை. ஜோபிம் நியூட்டன் மெண்டோன்சாவோடு சேர்ந்து எழுதிய 'ஒற்றைச் சுர சம்பா' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் மேலே குரல் ஒரே சுரத்தில் நிற்கிறது. கீழே கார்டுகள் அரைச் சுரம் அரைச் சுரமாக இறங்குகின்றன. நிற்கிற சுரம் மாறவே இல்லை, ஆனால் ஒவ்வொரு கார்டுக்கும் அதன் நிறம் மாறுகிறது. இதே இருவர் எழுதிய 'டெசஃபினாடோ', அதாவது 'சுருதி பிசகியவன்', இரண்டாவது கார்டிலேயே காது எதிர்பார்க்காத ஒரு சுரத்தில் போய் உட்காரும். சுருதி பிசகிவிட்டதோ என்று தோன்றும், பிசகியிருக்காது. மெண்டோன்சா 1960இல், 33 வயதில் இறந்துபோனார். இந்தப் பாட்டுகள் உலகம் சுற்றியதை அவர் பார்க்கவில்லை.

ஜாஸ் கலப்பு பிரேசிலில் எல்லோருக்கும் பிடித்ததா என்றால் இல்லை. ஜோசே ராமோஸ் டின்யோராவ் என்ற விமர்சகர் போசா நோவாவையே அமெரிக்கச் சரக்கு என்று கடைசிவரை எதிர்த்தார். உள்ளே இருந்தவர்களுக்கும் சஞ்சலம் இருந்தது. கார்லோஸ் லிரா 'ஜாஸின் தாக்கம்' என்றே ஒரு பாட்டு போட்டார். பாவம் என் சம்பா, கலந்து கலந்து தன் அசைவை இழக்கிறதே என்பதுதான் அதன் வருத்தம். அழகு என்னவென்றால், அந்த வருத்தத்தைச் சொல்கிற பாட்டே ஜாஸ் கார்டுகளில்தான் நடக்கிறது. டின்யோராவின் பக்கம் எனக்குச் சம்மதமில்லை. லிராவின் கவலை புரிகிறது.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு உண்மையான பதில் கோபகபானாவின் ஒரு குறுகலான சந்தில் இருக்கிறது. 'பாட்டில் சந்து' என்று பெயர். ராத்திரி சத்தம் தாங்காமல் மேல் மாடிக் குடியிருப்புக்காரர்கள் பாட்டில்களை வீசியதால் வந்த பெயர். வரிசையாகச் சின்னச் சின்ன இரவு விடுதிகள். 1960களின் தொடக்கத்தில் அங்கே பியானோ, பாஸ், ட்ரம்ஸ் என்று மூன்று பேர் சேர்ந்து வாசிப்பார்கள், பாட்டுக்குப் பின்னணியாக இல்லாமல் வாத்தியமே பேசும்படி. எடிசன் மச்சாடோ சம்பாவை ட்ரம்ஸின் தோலிலிருந்து தூக்கித் தட்டில், அதாவது சிம்பலில், வாசித்துக் காட்டினார். ஜாஸ் ட்ரம்மர் சிம்பலில் நடப்பது போலவே, ஆனால் நடை முழுக்க சம்பா. லூயிஸ் எசாவின் தம்பா ட்ரியோ, செர்ஜியோ மெண்டஸின் குழு எல்லாம் அந்தக் காலத்தவை. ஜில்பெர்ட்டோவின் அமைதி இங்கே கிடையாது. வியர்வையும் வேகமும் நிறைந்த இசை. ஜாஸின் மனோதர்மமும் சம்பாவின் தாளமும் சம பலத்தோடு மோதியது இங்கேதான் என்பது என் கருத்து. அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி 1962 டிசம்பரில் மெண்டஸின் ஆட்களோடு நியூயார்க்கில் ஓர் ஆல்பம் பதிவு செய்தார். அமெரிக்க ஜாஸ்காரர் பிரேசில் தாளத்தை அந்த ஊர்க்காரர்கள் கையிலேயே விட்டுவிட்டு மேலே வாசித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

அமெரிக்கப் பக்கக் கதை பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். கிட்டார் கலைஞர் சார்லி பேர்ட் 1961இல் அமெரிக்க அரசு ஏற்பாட்டில் தென் அமெரிக்கா போய்வந்தார், கையோடு இந்தப் பாட்டுகளையும் கொண்டுவந்தார். 1962 பிப்ரவரி 13 அன்று வாஷிங்டனில் ஒரு தேவாலயத்தில் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸோடு 'ஜாஸ் சம்பா' பதிவானது. வாசித்தவர்கள் எல்லோரும் அமெரிக்கர்கள். 1963இல் அது அமெரிக்க பாப் ஆல்பம் பட்டியலின் முதலிடத்துக்கே போனது. கெட்ஸின் தொனி அதில் தேன். தாளம்தான் விறைப்பாக இருக்கிறது, மொழி தெரியாதவர் அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பது போல. என் ஆசிரியர் கொடுத்த தாள அச்சும் இந்த மாதிரிப் பதிவுகளின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். 1962 நவம்பர் 21 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் பிரேசில்காரர்களே நேரில் வந்து வாசித்தார்கள். ஜோபிமும் ஜில்பெர்ட்டோவும் அப்படியே அங்கே தங்கிவிட்டார்கள்.

அடுத்த மார்ச்சில் இரண்டே நாளில் 'கெட்ஸ்/ஜில்பெர்ட்டோ' பதிவானது. ஜில்பெர்ட்டோ கிட்டாரும் குரலும், ஜோபிம் பியானோ, மில்டன் பனானா ட்ரம்ஸ். 'இப்பனிமா பெண்' பாட்டில் முதலில் ஜில்பெர்ட்டோ போர்ச்சுகீஸில் பாடுகிறார், பிறகு அவர் மனைவி அஸ்ட்ரூட் ஆங்கிலத்தில், பிறகு கெட்ஸ். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகும். வானொலிக்குத் தனி இசைத்தட்டு போட்டபோது அது நீளம் என்று ஜில்பெர்ட்டோ பாடிய பகுதியை வெட்டிவிட்டார்கள். 1964இல் உலகம் முழுக்க ஒலித்தது அந்த வெட்டிய வடிவம். போசா நோவாவை உருவாக்கியவரின் குரல் இல்லாமல்தான் உலகம் போசா நோவாவைத் தெரிந்துகொண்டது. அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்திய அஸ்ட்ரூடின் பெயரும் ஆல்பத்தின் தலைப்பில் கிடையாது. 1965இல் அது ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. ஜாஸ் ஆல்பம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. ஹெர்பி ஹான்காக்குக்கு 2008இல் கிடைக்கும்வரை வேறு ஜாஸ் ஆல்பம் வாங்கவில்லை. விருதுப் பட்டியலிலும் ஜாஸ் என்றே பதிந்துவிட்டது. உங்கள் கேள்வியில் இருக்கிற எண்ணத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

கேட்டுப் பார்க்க விரும்பினால், வெட்டாத முழுப் பதிவைப் போடுங்கள். கெட்ஸ் வாசிக்கத் தொடங்கியதும் எல்லோர் காதும் சாக்ஸபோனோடு போய்விடும். ஒரு தடவை மட்டும் அதை விட்டுவிட்டுக் கீழே போகும் கிட்டாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கெட்ஸ் சத்தமாகட்டும், மெலியட்டும், அந்தக் கட்டைவிரல் அதே அளவில் போய்க்கொண்டே இருக்கும். அது பிடிபட்டதும் 1973இல் ஜில்பெர்ட்டோ வெளியிட்ட ஆல்பத்துக்குப் போங்கள். கிட்டார், குரல், ஒரே ஒரு தாளக்காரர். சாக்ஸபோனும் பியானோவும் கிடையாது.